யாருடைய கோப்பு இது? கிராஸ் கம்பைல் செய்யும்போது வரும் ஹெட்டர் பிழைகளும் சார்புப் பிழைகளும்

பட்டுப்புழு வளர்ப்பு மனையில் வெப்பமும் ஈரப்பதமும் தவறினால் கூட்டின் தரம் போய்விடும். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 முதல் 90 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும். முதிர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் 70 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும் போதும். பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் சித்திரை வெயிலில் இந்த அளவைக் காப்பாற்ற மனைக்காரர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். ஆகவே, பர்கூரிலோ செட்டிக்கரையிலோ அரசுப் பொறியியல் கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவருக்கு உருப்படியான திட்டப்பணி ஊரிலேயே காத்திருக்கிறது. மனையில் ஒரு சிறு கணினிப் பலகையைப் பொருத்தி, உணரி படிக்கும் அளவுகளை இணையம் வழியாக வளர்ப்பவரின் கைப்பேசிக்கு அனுப்பும் கருவியைச் செய்யலாம்.

பலகை ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்றும், அதில் 32 பிட் இயங்குதளம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அளவுகளை அனுப்ப 'கர்ல்' என்னும் திறமூல லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, வேண்டும். கர்லுக்குப் பாதுகாப்பான இணைப்புக்காக 'ஓபன்எஸ்எஸ்எல்' வேண்டும், தரவைச் சுருக்கவும் விரிக்கவும் 'இசட்லிப்' வேண்டும். இப்படி ஒன்று இன்னொன்றை நம்பி நிற்பதைத்தான் சார்பு என்கிறோம். இவற்றையெல்லாம் பலகையிலேயே கம்பைல் செய்யலாம் (அதாவது, மூல நிரலைச் செயலிக்குப் புரியும் இயந்திர நிரலாக மாற்றலாம்) என்றால் அதன் நினைவகம் வெறும் 512 எம்பி. ஓபன்எஸ்எஸ்எல் போன்ற பெரிய மூல நிரலை அங்கே கம்பைல் செய்யப் பொறுமை நிறைய வேண்டும். அதனால் வீட்டில் இருக்கும் 64 பிட் இன்டெல் மடிக்கணினியில் உட்கார்ந்து, பலகையின் ஆர்ம் செயலிக்கான நிரலை உருவாக்குகிறோம். ஒரு கணினியில் உட்கார்ந்து இன்னொரு வகைக் கணினிக்காகக் கம்பைல் செய்வதே கிராஸ் கம்பைலிங்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இந்தக் கட்டுரையில் ஒலியை வைத்துத் தமிழில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம் உள்ள மடிக்கணினியில் ஆர்ம் கம்பைலரை நிறுவி, நிரலைக் கொடுத்து இயக்கியதும் பெரும்பாலும் வரவேற்பது இப்படி ஒரு செய்தி:

"/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/இசட்லிப்.ஹெச்:34:10: ஃபேட்டல் எரர்: இசட்கான்ஃப்.ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"

இதைப் பார்த்ததும் 'அதுதான் இசட்லிப்பை நிறுவிவிட்டேனே, பிறகு ஏன் இல்லை என்கிறது?' என்ற குழப்பம் வரும். கோப்பைத் தேடினால் அது மடிக்கணினியில் இருக்கவும் இருக்கிறது. பலரும் அந்தக் கோப்பு இருக்கும் அடைவைக் கம்பைலருக்குக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து, "-ஐ" என்னும் விருப்பத்துடன் அந்தப் பாதையைச் சேர்த்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கோப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு முன்னால் அது யாருடைய கோப்பு என்று கேட்க வேண்டும். மடிக்கணினிக்காக எழுதப்பட்டதா, பலகைக்காக எழுதப்பட்டதா? கிராஸ் கம்பைலிங்கில் வரும் பிழைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே அவிழ்த்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

முத்திரை உள்ள கோப்பும் இல்லாத கோப்பும்

ஒரு லைப்ரரியைப் பயன்படுத்த இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று ஹெட்டர் கோப்பு. அந்த லைப்ரரியில் என்னென்ன செயற்கூறுகள் உள்ளன, அவற்றுக்கு என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பக் கிடைக்கும், தரவுகளின் அமைப்பு எப்படி என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். கம்பைலர் அதைப் படிக்கிறது. மற்றொன்று லைப்ரரி கோப்பு. உண்மையான இயந்திர நிரல் அதில்தான் இருக்கிறது. கம்பைலர் வேலையை முடித்த பிறகு லிங்கர் வந்து அதை நம் நிரலோடு இணைக்கிறது.

லைப்ரரி கோப்பின் தொடக்கத்திலேயே அது எந்தச் செயலிக்கானது என்ற முத்திரை இருக்கிறது. 'ஃபைல்' என்ற கட்டளையை அதன்மேல் இயக்கிப் பாருங்கள். '32 பிட், ஆர்ம்' என்றோ '64 பிட், எக்ஸ்86-64' என்றோ காட்டிவிடும். ஆகவே லிங்கர் ஏமாறாது. தவறான செயலிக்குரிய லைப்ரரியைக் கண்டால் 'ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்' என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்தில் தேடும். எங்கும் கிடைக்காதபோது 'கேனாட் ஃபைண்ட் -எல்இசட்' என்று நின்றுவிடும். இந்த இரண்டு வரிகளும் சேர்ந்து வந்தால், கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு லைப்ரரி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். முதல் வரிதான் செய்தியே. லைப்ரரி இருக்கிறது, ஆனால் அது மடிக்கணினியுடையது என்று அது சொல்லிவிட்டது.

ஹெட்டர் கோப்பு அப்படியல்ல. அது வெறும் உரைக் கோப்பு. எந்தச் செயலிக்கானது என்ற முத்திரை அதில் கிடையாது. மடிக்கணினியின் ஹெட்டரைக் கொடுத்தாலும் ஆர்ம் கம்பைலர் கேள்வி கேட்காமல் படித்துவிடும். பல ஹெட்டர்கள் எல்லாச் செயலிக்கும் பொதுவானவை என்பதால் பெரும்பாலும் தீங்கும் நேராது. ஆனால் ஒரு லைப்ரரியை உருவாக்கும்போதே, அந்தக் கணினியின் தன்மைகளை அளந்து தானாக எழுதப்படும் ஹெட்டர்கள் சில உண்டு. இசட்லிப்பில் இசட்கான்ஃப்.ஹெச், ஓபன்எஸ்எஸ்எல்லில் ஓபன்எஸ்எஸ்எல்கான்ஃப்.ஹெச் (3ஆம் பதிப்பிலிருந்து அது அழைக்கும் கான்ஃபிகரேஷன்.ஹெச்), க்ளிப் லைப்ரரியில் க்ளிப்கான்ஃபிக்.ஹெச் ஆகியவை அந்த வகை. 64 பிட் லினக்ஸில் 'லாங்' என்னும் எண்வகைக்கு 8 பைட். நம் 32 பிட் பலகையில் 4 பைட்தான். எட்டு என்று எழுதியிருக்கும் ஹெட்டரைப் பலகைக்கான நிரலில் சேர்த்தால், தரவு அமைப்பின் உள்ளே ஒவ்வோர் உறுப்பும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்துவிடும். கம்பைல் ஆகிவிடும், லிங்க் ஆகிவிடும், பலகையில் ஓடவும் ஓடும். ஈரப்பதம் 82 என்று வர வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் எண் வரும். வளர்ப்பவர் அதை நம்பித் தண்ணீர் தெளித்தால் நஷ்டம் அவருக்கு.

அதனால்தான் சொல்கிறேன், ஹெட்டர் இல்லை என்று கம்பைலர் நின்றுவிட்டால் அது நல்லதற்கே. தவறான ஹெட்டரை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மேலே போவதுதான் ஆபத்து.

அந்த ஒரு வரியை மெதுவாகப் படித்தால்

மேலே கண்ட பிழைச் செய்திக்குத் திரும்புவோம். அதில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. தொடக்கத்தில் இருக்கும் இசட்லிப்.ஹெச் கிடைத்துவிட்டது, அதன் 34ஆம் வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் பிழை. அந்த வரி கேட்கும் இசட்கான்ஃப்.ஹெச் மட்டும் கிடைக்கவில்லை. ஒரே லைப்ரரியின் ஒரு ஹெட்டர் கிடைத்து இன்னொன்று கிடைக்காமல் போவது எப்படி?

டெபியன் குடும்பத்து இயங்குதளங்கள் எல்லாச் செயலிக்கும் பொதுவான ஹெட்டர்களை /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் அடைவில் வைக்கின்றன. செயலிக்குச் செயலி மாறும் ஹெட்டர்களை அதற்குள்ளேயே தனித்தனி அடைவுகளில் பிரித்து வைக்கின்றன. இன்டெல் மடிக்கணினிக்கு 'எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ' என்ற உள்ளடைவு. நம் பலகைக்கு 'ஆர்ம்-லினக்ஸ்-க்னூஇஏபிஐஹெச்எஃப்' என்ற உள்ளடைவு. டெபியன் தரும் ஆர்ம் கம்பைலர் ஆர்ம் உள்ளடைவையும் பொது அடைவையும் தேடும். இன்டெல் உள்ளடைவின் பக்கம் போகாது. பொது அடைவில் இசட்லிப்.ஹெச் அகப்பட்டது. இசட்கான்ஃப்.ஹெச் இன்டெல் உள்ளடைவில் மட்டுமே இருந்தது, அதனால் நின்றுவிட்டது. கம்பைலர் மிகச் சரியாக நடந்துகொண்டிருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல்லுக்கும் இதே கதைதான். மேக்ரோஸ்.ஹெச் கிடைக்கும், அது கேட்கும் ஓபன்எஸ்எஸ்எல்கான்ஃப்.ஹெச் கிடைக்காது.

இந்த நேரத்தில் இன்டெல் உள்ளடைவின் பாதையை "-ஐ" மூலம் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் அடுத்து 'க்னூ/ஸ்டப்ஸ்-32.ஹெச் இல்லை' என்ற புதுப் பிழை வரும். அதன் காரணத்தைப் பாருங்கள். இன்டெல் உள்ளடைவில் இருக்கும் ஸ்டப்ஸ்.ஹெச் 'இந்தக் கம்பைலர் 64 பிட் இன்டெல்லுக்கானதா?' என்று சோதிக்கிறது. ஆர்ம் கம்பைலரிடம் அந்த அடையாளம் இல்லை. 'அப்படியானால் இது 32 பிட் இன்டெல்லாகத்தான் இருக்க வேண்டும்' என்று கணக்குப் போட்டு ஸ்டப்ஸ்-32.ஹெச்சைக் கேட்கிறது. ஆர்ம் என்ற ஒன்று உலகில் இருப்பதே அந்தக் கோப்புக்குத் தெரியாது. இந்தப் பிழைக்குத் தீர்வு தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை, 32 பிட் இன்டெல்லுக்கான சி லைப்ரரி பொதியை (நிறுவத் தயாரான கோப்புத் தொகுப்பை) நிறுவுங்கள் என்பது. 32 பிட் இன்டெல் நிரல் எழுதுபவருக்கு அது சரியான அறிவுரை. நமக்கு அது படுகுழி. நிறுவினால் பிழை மறைந்துவிடும், ஆர்ம் நிரலுக்குள் இன்டெல் ஹெட்டர்கள் குடியேறிவிடும்.

சரியான வழி எளிது. முதலில் டிபிகேஜி கட்டளைக்கு "--ஆட்-ஆர்க்கிடெக்சர் ஆர்ம்ஹெச்எஃப்" என்று கொடுத்து, இந்த மடிக்கணினியில் ஆர்ம் பொதிகளும் இடம்பெறும் என்று டெபியனுக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு பட்டியலைப் புதுப்பித்து, பொதியின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து ஆர்ம்ஹெச்எஃப் என்று சேர்த்து நிறுவ வேண்டும். இசட்லிப்புக்கு 'இசட்லிப்1ஜி-டெவ்:ஆர்ம்ஹெச்எஃப்' என்பது பெயர். 'டெவ்' என்ற பின்னொட்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத பொதியில் நிரல் ஓடத் தேவையான லைப்ரரி மட்டும் இருக்கும், ஹெட்டர் இருக்காது. உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. ஆர்ம் பொதிகளை உபுண்டு தனது முதன்மை வழங்கியில் வைப்பதில்லை, 'போர்ட்ஸ்' என்ற வேறு வழங்கியில் வைக்கிறது. அந்த முகவரியைச் சேர்க்காமல் பட்டியலைப் புதுப்பித்தால் 404 பிழைகள் வரிசையாக வரும்.

கம்பைலரையே கேளுங்கள்

ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, எங்கெங்கே தேடுகிறாய் என்று கம்பைலரையே கேட்டுவிடலாம். ஜிசிசி என்னும் அந்த ஆர்ம் கம்பைலரின் கட்டளையோடு "-வி" சேர்த்து ஒரு சிறு நிரலைக் கம்பைல் செய்தால், 'இன்க்ளூட் தேடல் இங்கே தொடங்குகிறது' என்ற பொருளில் ஒரு வரியும் அதன் கீழே அடைவுகளின் பட்டியலும் வரும். மேலிருந்து கீழாக அதே வரிசையில்தான் தேடும். அந்தப் பட்டியலில் 'எக்ஸ்86' என்ற எழுத்துகள் எங்காவது தென்பட்டால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. பிழையே வராதபோதும் இதை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. பெரிய எழுத்தில் "-ஹெச்" கொடுத்தால், உண்மையில் எந்தெந்த ஹெட்டரை எடுத்தது, அது யாரை அழைத்தது என்ற முழுச் சங்கிலியையும் காட்டும். செய்தி நீளமாகத்தான் இருக்கும். ஒரு கோப்பில் சேமித்து 'எக்ஸ்86' என்று தேடிப் பாருங்கள்.

டெபியன் பொதிகளை நம்பாமல், பலகையில் இருக்கும் அதே லைப்ரரிகளைக் கொண்டே கம்பைல் செய்யும் வழியும் உண்டு. பலகையின் லிப், யூஎஸ்ஆர்/லிப், யூஎஸ்ஆர்/இன்க்ளூட் ஆகிய அடைவுகளை மடிக்கணினியில் ஓரிடத்துக்கு நகலெடுத்து, "--சிஸ்ரூட்" என்ற விருப்பத்தின் மூலம் அதைக் காட்டுவார்கள். அந்த இடத்துக்கு சிஸ்ரூட் என்று பெயர். அதற்குள் இருப்பவை அனைத்தும் பலகையின் கோப்புகள். இதில் ஒரே ஒரு கண்ணி. பலகையில் சில லைப்ரரிகள் '/லிப்/...' என்று வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையைச் சுட்டும் குறியிணைப்புகளாக இருக்கும். நகலெடுத்து வந்த பிறகு அந்த இணைப்பு மடிக்கணினியின் '/லிப்'பைச் சுட்டும், அல்லது எதையுமே சுட்டாமல் தொங்கும். கோப்பு இருக்கிறது என்று பட்டியல் காட்டும், லிங்கர் இல்லை என்று சாதிக்கும். அப்படி நடந்தால் அந்த இணைப்புகளைச் சார்புப் பாதைகளாக, அதாவது இணைப்பு இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கும் பாதைகளாக, மாற்றிக்கொள்ள வேண்டும்.

கான்ஃபிகர் செய்யும்போது வரும் தொல்லைகள்

பெரும்பாலான பழைய திறமூல லைப்ரரிகளில் 'கான்ஃபிகர்' என்னும் ஸ்கிரிப்ட் இருக்கும். கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்த்து, அதற்கேற்ப மேக்ஃபைலை (கம்பைல் செய்யும் படிகள் அடங்கிய கோப்பை) எழுதித் தருவது அதன் வேலை. கிராஸ் கம்பைல் செய்கிறோம் என்று அதற்குச் சொல்ல "--ஹோஸ்ட்" விருப்பத்தில் பலகையின் அடையாளமான ஆர்ம்-லினக்ஸ்-க்னூஇஏபிஐஹெச்எஃப் என்பதைக் கொடுக்க வேண்டும். "--டார்கெட்" என்று கொடுப்பவர்கள் நிறைய. அது கம்பைலரையே உருவாக்குபவர்களுக்கானது, நமக்குத் தேவையில்லை. நிரல் எங்கே ஓடப்போகிறதோ அதுதான் ஹோஸ்ட்.

கான்ஃபிகர் பாதியில் நின்றால் திரையில் வரும் கடைசி வரி பெரும்பாலும் பயன்படாது. 'கம்பைலர் வேலை செய்யவில்லை', 'இசட்லிப் இல்லை' என்று பொதுவாகச் சொல்லும். உண்மைக் காரணம் அதே அடைவில் இருக்கும் கான்ஃபிக்.லாக் என்ற கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் எந்த நிரலை எழுதியது, எந்தக் கட்டளையை இயக்கியது, கம்பைலர் என்ன பதில் சொன்னது என்று எல்லாமே அங்கே பதிவாகியிருக்கும். உதவி கேட்க நினைத்தால்கூட முதலில் இந்தக் கோப்பைத் திறந்து, நின்றுபோன சோதனையின் பெயரைத் தேடிப் படியுங்கள்.

பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான ஹெட்டர்கள் சத்தமில்லாமல் நுழையும் முதன்மை வாசல் அதுதான். 'ஓபன்எஸ்எஸ்எல் எங்கே இருக்கிறது?' என்று கான்ஃபிகர் கேட்டால், '.பிசி' என்ற நீட்டிப்புள்ள சிறு கோப்புகளைப் படித்து, சேர்க்க வேண்டிய விருப்பங்களை அது பதிலாகத் தரும். தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் மடிக்கணினியின் .பிசி கோப்புகளையே படிக்கும். கான்ஃபிகரும் 'இருக்கிறது' என்று மகிழ்ச்சியாக அடுத்த சோதனைக்குப் போய்விடும். க்ளிப் போன்ற லைப்ரரிக்கு அது தரும் பதிலில் இன்டெல் அடைவின் பாதையே நேரடியாக இருக்கும். மேலே சொன்ன க்ளிப்கான்ஃபிக்.ஹெச் அந்த அடைவில்தான் இருக்கிறது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலச் செய்து காட்டும் க்யூஇஎம்யூ என்னும் திறமூலத் திட்டத்தில் இதற்கென்றே ஒரு சோதனையை வைத்திருக்கிறார்கள். கம்பைலர் சொல்லும் எண்வகையின் அளவும் க்ளிப் ஹெட்டர் சொல்லும் அளவும் ஒத்துப்போகாவிட்டால், அந்த இடத்திலேயே நிறுத்தி, பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர் என்ற மாறியைச் சரியாக அமையுங்கள் என்று அறிவுறுத்தும். மற்றத் திட்டங்களும் இதைப் பின்பற்றினால் எத்தனையோ பேரின் இரவுகள் மிச்சமாகும்.

அந்த மாறியின் பெயரைக் கவனியுங்கள். பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்று இன்னொன்றும் உண்டு. பாத் என்பது வழக்கமான இடங்களோடு கூடுதலாகச் சில இடங்களைச் சேர்க்கும், மடிக்கணினியின் கோப்புகள் தொடர்ந்து தேடலில் இருக்கும். லிப்டிர் என்பது வழக்கமான இடங்களை நீக்கிவிட்டு, நாம் சொன்ன இடத்தில் மட்டும் தேட வைக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. இதனோடு பிகேஜி_கான்ஃபிக்_சிஸ்ரூட்_டிர் என்ற மாறியில் சிஸ்ரூட்டின் பாதையைக் கொடுத்தால், கிடைக்கும் எல்லாப் பாதைகளின் முன்னாலும் அதை ஒட்டித் தரும். ஏதாவது பாதையில் சிஸ்ரூட் இரண்டு முறை அடுத்தடுத்து ஒட்டி வந்தால், அந்த லைப்ரரியை நீங்கள் கம்பைல் செய்தபோது "--பிரிஃபிக்ஸ்" என்ற விருப்பத்திலேயே சிஸ்ரூட்டின் முழுப் பாதையையும் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். பிரிஃபிக்ஸில் பலகையில் அது இருக்கப்போகும் இடமான /யூஎஸ்ஆர் மட்டும் இருக்கட்டும். நிறுவும் நேரத்தில் டெஸ்ட்டிர் என்ற மாறியில் சிஸ்ரூட்டைக் கொடுங்கள்.

இன்னொரு பிழை, கிராஸ் கம்பைல் செய்பவர்களை ஏறத்தாழ எல்லாரையும் ஒரு நாள் சந்திக்கும். கம்பைல் எல்லாம் முடிந்து லிங்க் ஆகும்போது, 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு ஆர்பிஎல்_மேலாக்' என்று வரும். உங்கள் நிரலில் அப்படி ஒரு பெயரையே நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். எங்கிருந்து வந்தது? நினைவகம் கேட்கும் மேலாக் செயற்கூறிடம் பூஜ்ய பைட் கேட்டால் சில கணினிகளில் வெற்றுச் சுட்டி வரும், சிலவற்றில் வராது. இதை அறியக் கான்ஃபிகர் ஒரு சிறு நிரலை எழுதி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்க்கும். கிராஸ் கம்பைல் செய்யும்போது அந்த நிரல் பலகைக்கானது, மடிக்கணினியில் ஓடாது. ஓட்டிப் பார்க்க வழியில்லாததால் பழைய கான்ஃபிகர் மோசமானதையே எதிர்பார்த்து, மேலாக்கை ஆர்பிஎல்_மேலாக் என்று பெயர் மாற்றிவிடுகிறது. அதற்கான மாற்றுச் செயற்கூறை எழுதி வைக்க வேண்டியவர் லைப்ரரியின் ஆசிரியர், பலர் எழுதுவதில்லை. தீர்வு ஒரே வரி. கான்ஃபிகரை இயக்கும்போது 'ஏசி_சிவி_ஃபங்க்_மேலாக்_0_நான்நல்=எஸ்' என்று விடையை நாமே கொடுத்துவிட வேண்டும். க்னூ சி லைப்ரரியில் அதுதான் உண்மையும்கூட. 'கிராஸ் கம்பைல் செய்யும்போது சோதனை நிரலை ஓட்ட முடியவில்லை' என்று கான்ஃபிகர் நிற்கும் மற்ற இடங்களிலும் இதே முறைதான். கான்ஃபிக்.லாக்கில் அந்தச் சோதனையின் மாறியைக் கண்டுபிடித்து, பலகைக்கான சரியான விடையைக் கொடுங்கள். ஊகித்துக் கொடுக்காதீர்கள். ஐயம் இருந்தால் அந்தச் சோதனை நிரலைத் தனியாக ஆர்ம் கம்பைலரில் கம்பைல் செய்து, பலகைக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துவிட்டே எழுதுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம்

நம் கருவிக்கு இசட்லிப்பில் தொடங்கி, ஓபன்எஸ்எஸ்எல்லை முடித்து, கடைசியில் கர்லுக்கு வர வேண்டும். கீழே இருப்பதை முடிக்காமல் மேலே இருப்பதைத் தொட்டால் கான்ஃபிகர் இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இந்த மூன்றிலும் கான்ஃபிகர் என்ற பெயரில் ஸ்கிரிப்ட் இருந்தாலும் மூன்றும் மூன்று விதம். கர்ல் மட்டுமே நான் மேலே சொன்ன "--ஹோஸ்ட்" முறையைப் பின்பற்றுகிறது. இசட்லிப்பின் ஸ்கிரிப்ட் கையால் எழுதப்பட்டது, அதற்குச் சிஹோஸ்ட் என்ற சூழல் மாறியில் அடையாளத்தைக் கொடுக்க வேண்டும். ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு 'லினக்ஸ்-ஆர்ம்வி4' என்று அதன் பட்டியலில் உள்ள பெயரையும், "--கிராஸ்-கம்பைல்-பிரிஃபிக்ஸ்" என்ற விருப்பத்தில் கம்பைலர் பெயரின் முன்பகுதியையும் கொடுக்க வேண்டும். பொதுவான கட்டளையை எல்லாவற்றுக்கும் ஒட்டிப் பார்க்காமல், ஒவ்வொரு லைப்ரரியோடும் வரும் இன்ஸ்டால் அல்லது ரீட்மீ கோப்பைப் படிப்பதே குறுக்கு வழி. ஒவ்வொன்றும் முடிந்ததும் உருவான கோப்பின்மேல் ஃபைல் கட்டளையை இயக்கி, ஆர்ம் என்று வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கான்ஃபிகருக்குப் பதிலாகச் சிமேக் என்னும் கருவியைப் பயன்படுத்தும் லைப்ரரிகளில் கம்பைலர், சிஸ்ரூட் ஆகியவற்றை ஒரு டூல்செயின் கோப்பில் எழுதிக் கொடுத்துவிடலாம். டூல்செயின் என்பது கம்பைலர், லிங்கர் முதலிய கருவிகளின் தொகுப்பு. லைப்ரரிகளையும் ஹெட்டர்களையும் சிஸ்ரூட்டில் மட்டும் தேடு, கருவி நிரல்களை மடிக்கணினியில் தேடு என்று அதிலேயே கட்டளையிட முடியும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தக் கோப்பைப் பிறகு திருத்தினால் பில்ட் அடைவை முழுவதும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். சிமேக் முதல் முறை கண்டுபிடித்ததைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

சில லைப்ரரிகளின் மேக்ஃபைலிலேயே அதன் ஆசிரியர் "-ஐ/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்" என்று எழுதி வைத்திருப்பார். பில்ட்ரூட் என்னும் கருவி இந்தப் பாதையைக் கண்டதும், இது கிராஸ் கம்பைலிங்குக்குப் பாதுகாப்பற்ற ஹெட்டர் பாதை என்று அறிவித்து வேலையை நிறுத்திவிடும். பில்ட்ரூட், யோக்டோ ஆகியவை லைப்ரரிகளின் சார்புகளையெல்லாம் தாமே வரிசைப்படுத்தி, பலகைக்கான முழு இயங்குதளத்தையும் உருவாக்கித் தருபவை. நான்கைந்து லைப்ரரிகளுக்கு மேல் போனால் கையால் மல்லுக்கட்டாமல் பில்ட்ரூட்டுக்கு மாறிவிடுவதே நல்லது என்பேன். ஆனால் முதல் இரண்டு லைப்ரரிகளையாவது கையால் செய்து பார்த்தவருக்குத்தான் அதன் பிழைச் செய்திகள் புரியும்.

பலகையில் ஏற்றிய பிறகு

எல்லாம் முடிந்து நிரலைப் பலகைக்கு நகலெடுத்து இயக்கும்போது இரண்டு செய்திகள் வரக்கூடும். ஒன்று, 'ஜிலிப்சி_2.34 இல்லை' என்பது போன்றது. ஜிலிப்சி என்பது க்னூ சி லைப்ரரியின் சுருக்கப் பெயர். மடிக்கணினியில் உள்ள ஆர்ம் சி லைப்ரரி புதியது, பலகையில் உள்ளது பழையது. 2.34 வெளியானது 2021இல். அதற்கு முந்தைய இயங்குதளம் பலகையில் இருந்தால் இந்தச் செய்தி வரும். பழைய சி லைப்ரரியோடு இணைத்த நிரல் புதியதில் ஓடும், புதியதோடு இணைத்தது பழையதில் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. பலகையிலிருந்தே எடுத்த சிஸ்ரூட்டைக் கொண்டு கம்பைல் செய்தால் இந்தச் சிக்கல் எழாது.

மற்றொன்று, 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று சொல்லி நிரல் உடனே செத்துவிடுவது. ஜீரோ 2 டபிள்யூவில் இது பெரும்பாலும் வராது. செலவைக் குறைக்க யாராவது பழைய பை ஜீரோவையோ முதல் தலைமுறைப் பையையோ கொண்டு வந்தால் வரும். அவற்றின் செயலி ஆர்ம்வி6 வகை. டெபியனின் ஆர்ம்ஹெச்எஃப் பொதிகளோ ஆர்ம்வி7 வகைக்குக் கம்பைல் ஆனவை. ராஸ்பெர்ரி பையின் 32 பிட் இயங்குதளமும் தன் பொதிகளை ஆர்ம்ஹெச்எஃப் என்றே அழைக்கிறது, ஆனால் அவை ஆர்ம்வி6 வகைக்குக் கம்பைல் ஆனவை. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. ஃபைல் கட்டளையிலும் இந்த வேறுபாடு தெரியாது. 'ரீட்எல்ஃப் -ஏ' என்று, ஏ பெரிய எழுத்தில் இருக்க, நிரலின்மேல் இயக்கினால் 'டேக்_சிபியூ_ஆர்க்' என்ற வரியில் வி6 அல்லது வி7 என்று காட்டும். பழைய பலகையில் வி7 என்று வந்த நிரல் ஓடாது. ஆர்ம்வி6க்கான டூல்செயினையும் அந்தப் பலகையின் சிஸ்ரூட்டையும் கொண்டு இசட்லிப்பிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.